அப்பாவின் ஆடியோ சிடிக்களைக் கணினியில் ஏற்றும்போது எந்தக் கோப்பு நல்ல கோப்பு?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா சேர்த்து வைத்த 200 சிடிக்கள் வீட்டில் இருக்கின்றன. சினிமாப் பாட்டு, கச்சேரி, பக்திப் பாடல் எல்லாம் கலந்தது. சிலவற்றின் மேல் அச்சு எதுவும் இல்லை, அப்பாவின் கையெழுத்து மட்டும்தான். கணினியில் போட்டு காப்பி செய்தால் ஒவ்வொரு பாட்டும் 1 கேபி அளவில் ‘.சிடிஏ’ கோப்பாக வருகிறது. சிடியை வெளியே எடுத்ததும் அது பாடுவதில்லை. ஒரு நண்பர் 320 கேபிபிஎஸ் எம்பி3 (ஒலியில் கொஞ்சத்தை விட்டுவிட்டுச் சுருக்கும் கோப்பு) போதும் என்கிறார், இன்னொருவர் ஃப்ளாக்தான் (எதையும் விடாமல் சுருக்கும் கோப்பு) வேண்டும் என்கிறார். பென் டிரைவில் ஏற்கெனவே இருக்கும் எம்பி3 பாட்டுகளை ஃப்ளாக்காக மாற்றினால் தரம் கூடுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. காய்ந்த வற்றலை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் பச்சைக் காய் ஆகாது. எம்பி3 ஆக்கியபோது போனது போனதுதான். அதை ஃப்ளாக்கில் போட்டால் இடம் பல மடங்கு அடைக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரு பாட்டுக் கோப்பின் தரத்தை அதன் பெயரின் கடைசி மூன்று நான்கு எழுத்துகள் சொல்லாது. அது எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்பதுதான் சொல்லும்.

சரி, அந்த 1 கேபி மர்மத்துக்கு வருவோம். ஆடியோ சிடியில் கோப்பு என்று எதுவுமே கிடையாது. 1980-ல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த ‘ரெட் புக்’ என்ற விதிமுறைதான் ஆடியோ சிடியின் அடிப்படை. அப்போது கணினியில் சிடியைப் போடுவது யாருடைய திட்டத்திலும் இல்லை. தட்டின் உள்விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரே சுருள் கோடு. அந்தக் கோடு முழுக்க எண்கள். ஆரம்பத்தில் ஒரு சின்னப் பொருளடக்கம்: முதல் பாட்டு இந்த நிமிடம், இந்த நொடியில் தொடங்குகிறது, இரண்டாவது அந்த நொடியில், இப்படி. விண்டோஸ் அந்தப் பொருளடக்கத்தைப் படித்து ஒவ்வொரு வரியையும் ஒரு கோப்புபோலக் காட்டுகிறது. அதுதான் ‘.சிடிஏ’. உண்மையில் அது 44 பைட்தான். பாட்டின் எண், தொடங்கும் இடம், நீளம் போன்ற விவரங்கள் மட்டும் அதில் இருக்கும். நீங்கள் காப்பி செய்தது வீட்டை அல்ல, வீட்டு முகவரியை. சிடி உள்ளே இருக்கும்வரை முகவரி வேலை செய்யும்.

அதனால் சிடியிலிருந்து பாட்டை எடுக்க, அந்தச் சுருளில் இருக்கும் எண்களைப் படித்துக் கோப்பாக எழுதித் தரும் மென்பொருள் வேண்டும். இதைத்தான் ரிப் பண்ணுவது என்கிறோம்.

அந்த எண்கள் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு அளவும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒன்று. இடது, வலது என்று இரண்டு சானல். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். நீங்கள் சில மென்பொருள்களில் பார்க்கும் ‘1411 கேபிபிஎஸ்’ (நொடிக்கு 1411 ஆயிரம் பிட்) இதுதான். நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி. நாலரை நிமிடப் பாட்டு ஏறக்குறைய 47 எம்பி வரும். சிடியிலிருந்து நேராக எடுத்ததாகச் சொல்லப்படும் வேவ் கோப்பு இந்தக் கணக்குக்கு ஒத்து வரவில்லையென்றால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

44,100 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நீண்ட நாள் ஆவல் இருந்தது. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும். ஒரு அதிர்வைச் சரியாக எழுதிவைக்க அதன் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். அப்படியானால் 40,000-க்குக் கொஞ்சம் மேலே எதுவும் போதும். 44,100 என்று முடிவானதற்குக் காரணம் வீடியோ கேசட். 1970-களின் இறுதியில் இவ்வளவு எண்களைச் சேமிக்க வசதியான சாதனம் வீடியோ டேப்தான். ஒலியின் எண்களை டிவி படத்தின் கோடுகளாக மாற்றி அதில் பதிந்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையில் ஒரு கோட்டுக்கு 3 அளவு, 245 கோடு, நொடிக்கு 60 முறை. ஐரோப்பாவும் நாமும் பயன்படுத்திய முறையில் 3 அளவு, 294 கோடு, நொடிக்கு 50 முறை. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். இரண்டு டிவி முறைக்கும் பொதுவாக அமைந்த அந்த எண் இன்று நம் கைபேசியில் இருக்கும் பாட்டுவரை கூடவே வந்துகொண்டிருக்கிறது.

இனி எந்த வகைக் கோப்பு என்பது. சிடியில் இருக்கும் எண்களை அப்படியே வரிசையாக எழுதி, தலைப்பில் ஒரு சின்னக் குறிப்பு சேர்த்தால் அது வேவ். மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991-ல் கொண்டுவந்தது. எதையும் சுருக்குவதில்லை, எதையும் இழப்பதில்லை. ஆனால் பாடகர் பெயர், படம் பெயர் போன்ற விவரங்களை எல்லா பிளேயரும் ஒரே மாதிரி படிக்கும்படி அதில் எழுதிவைக்க முடியாது. நீண்ட நாள் சேமிப்புக்கு அது பெரிய குறை.

ஃப்ளாக் அதே எண்களைச் சுருக்கி வைக்கிறது. ஒலி அலை சட்டென்று தாவுவது அபூர்வம். முந்தைய சில அளவுகளைப் பார்த்தால் அடுத்தது ஏறக்குறைய எங்கே இருக்கும் என்று ஊகிக்கலாம். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை மட்டும் எழுதிவைத்தால் போதும். திரும்பப் பாடும்போது அதே ஊகத்தைச் செய்து வித்தியாசத்தைக் கூட்டினால் பழைய எண் ஒரு பிட்கூடப் பிசகாமல் கிடைக்கும். பட்டுப்புடவையை இறுக்க மடித்து வைப்பது போல. பிரித்தால் முழுப் புடவை. பாட்டைப் பொறுத்து மூலத்தில் 50 முதல் 70 சதவீத இடம் எடுக்கும். ஒற்றை வீணைக் கச்சேரி நன்றாகச் சுருங்கும், சத்தம் நிறைந்த புதிய சினிமாப் பாட்டு அவ்வளவாகச் சுருங்காது. சுருக்கும்போது 0 முதல் 8 வரை எந்த நிலை என்று மென்பொருள் கேட்கும். அது சுருக்க எடுக்கும் நேரத்தையும் கோப்பின் அளவையும்தான் மாற்றும், ஒலியை மாற்றாது. எட்டைப் போட்டால் தரம் குறையும் என்று பயப்பட வேண்டாம்.

ஆப்பிளின் ஏஎல்ஏசியும் இதே வகை. 2004-ல் வந்தது, 2011-ல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். ஐபோன் வீடு என்றால் அதுவே வசதி. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏஎல்ஏசியும் ஏஏசியும் இரண்டுமே ‘.எம்4ஏ’ என்ற பெயரில்தான் வரும். ஏஎல்ஏசி இழப்பில்லாதது, ஏஏசி எம்பி3-யைப் போலவே இழந்து சுருக்கும் அதன் தம்பி. பெயரை நம்பக்கூடாது என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எம்பி3 செய்வது வேறு வேலை. அதில் பெரும்பங்கு ஜெர்மனியின் ஃப்ரௌன்ஹோஃபர் நிறுவனத்தில் உருவானது, ‘.எம்பி3’ என்ற பெயரை அவர்கள் முடிவு செய்தது 1995 ஜூலை 14-ல். அதன் யோசனை நம் காதைப் பற்றியது. கோயிலில் தவில் முழங்கும் கணத்தில் பக்கத்தில் ஓடும் சுருதிப்பெட்டி உங்கள் காதுக்குக் கேட்காது. அது இல்லாமல் போவதில்லை, ஆனால் தவில் அதை மறைத்துவிடுகிறது. அப்படி மறைந்துபோகும் என்று கணித்த பகுதிகளைச் சேமிக்காமல் விட்டுவிடுகிறது, அல்லது கரடுமுரடாக எழுதுகிறது எம்பி3. 128 கேபிபிஎஸ் என்றால் சிடியில் இருந்ததில் பதினொன்றில் ஒரு பங்கு இடம். 320 என்றால் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு வெட்டியும் பாட்டு பாட்டாகவே கேட்கிறதே, அதை நான் உண்மையிலேயே மதிக்கிறேன். நல்ல என்கோடரால் (எம்பி3 ஆக மாற்றும் மென்பொருள்) செய்த 320 எம்பி3-யையும் சிடியையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் பெரும்பாலோர் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். நானும் பெரும்பாலான பாட்டுகளில் சொல்ல மாட்டேன்.

128-ல் விஷயம் வேறு. ஜால்ராவின் சிலிர்ப்பு தண்ணீர் சலசலப்பதுபோல ஆகும். கடத்திலோ கஞ்சிராவிலோ விழும் கூர்மையான அடிக்குச் சற்று முன்பே மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்று தெரியும். எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து வேலை செய்வதால், ஒரு துண்டுக்குள் செய்த பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவுகிறது. அடி விழும் முன்பே அதன் நிழல் விழுந்துவிடுகிறது. தனி ஆவர்த்தனம் கேட்கிறவர்களுக்கு இது நிச்சயம் தெரியும்.

எனக்கு இது நேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். 2003-ல் என்னிடம் இருந்த கணினியில் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். சுமார் 60 சிடிக்களை 128 எம்பி3-யாக எடுத்தேன். அன்றைய சின்ன ஸ்பீக்கரில் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து வீடு மாறும்போது ‘எல்லாம் கணினியில் இருக்கிறதே’ என்று சிடிக்களைக் கொடுத்துவிட்டேன். பிறகு நல்ல ஹெட்ஃபோன் வாங்கி ஒரு கச்சேரியைப் போட்டபோது கடம் தண்ணீருக்குள்ளிருந்து வாசிப்பதுபோல இருந்தது. அந்த 60-ல் பாதிக்கும் மேல் இன்றைக்குக் கடையில் இல்லை. இடம் மிச்சப்படுத்தியது அன்றைய கணக்கில் சில நூறு ரூபாய். அதனால்தான் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன்: மூலமாக ஒரு ஃப்ளாக் நகல் எடுத்துவிடுங்கள். காரில் கேட்க, கைபேசியில் போட எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் சில நிமிடங்களில் செய்துகொள்ளலாம். எதிர்த் திசையில் போக வழி இல்லை. உங்கள் 200 சிடியும் முழுதாக ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் ஃப்ளாக்கில் 90 ஜிபிக்குள் அடங்கும். இன்றைக்கு அது ஒரு பென் டிரைவ்.

கச்சேரி சிடிக்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்தது, தனி அதற்கடுத்தது என்று பிரித்திருப்பார்கள். ஆனால் நடுவில் இடைவெளி இருக்காது, தம்புரா தொடர்ந்து ஓடும். எம்பி3 ஒலியை 1,152 அளவு கொண்ட கட்டங்களாக அடுக்குவதால் பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் டிராக் மாறும் இடத்தில் தம்புரா ஒரு கணம் அறுந்து மீண்டும் வரும். ஃப்ளாக்கில் அளவுகளின் எண்ணிக்கை துல்லியமாக இருப்பதால் கோப்பிலேயே இந்தத் தொல்லை கிடையாது.

இனி ரிப் பண்ணும் வேலைக்கு வருகிறேன். பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். ‘டிஜிட்டல்தானே, படித்தால் சரியாகத்தான் படிக்கும்’ என்று நினைக்கிறோம். வேர்ட் கோப்பு இருக்கும் சிடிக்கு அது பொருந்தும். அதில் ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு கெட்டுவிடும் என்பதால் பிழை திருத்த கூடுதல் அடுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆடியோ சிடியில் அந்தக் கூடுதல் அடுக்கு இல்லை. இருக்கும் திருத்தமும் சாமர்த்தியமானதுதான். அடுத்தடுத்த எண்களைச் சுருளில் தள்ளித் தள்ளி வைத்திருப்பதால், ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல் முழுதாக அழித்துவிட்டாலும் மீதியிலிருந்து இழந்ததைச் சரியாகக் கணக்கிட்டு எடுத்துவிடும். அதற்கும் மேல் சேதமிருந்தால்? முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் பார்த்து நடுவில் ஒரு எண்ணை இட்டு நிரப்பும். அதுவும் முடியாவிட்டால் அந்த நொடித்துளியை மௌனமாக்கும்.

பாட்டுக் கேட்கும்போது இது நல்ல ஏற்பாடு. உங்களுக்குத் தெரியவே தெரியாது. நகல் எடுக்கும்போதுதான் ஆபத்து. டிரைவ் இட்டு நிரப்பிய எண்ணும் உண்மையான எண்ணும் கோப்பில் ஒரே மாதிரிதான் இருக்கும், எந்த அடையாளமும் இருக்காது. 1411 கேபிபிஎஸ், ஃப்ளாக், எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் நடுவில் ஒரு ‘டிக்’. ஃப்ளாக் என்பது தனக்குக் கொடுத்ததை இழக்காது என்ற உறுதி மட்டும்தான். கொடுத்ததே பழுதென்றால் பழுதையும் பத்திரமாகக் காப்பாற்றும்.

இதற்காகவே எழுதப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சொந்த உபயோகத்துக்கு இலவசம். 1990-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர். இவை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். டிரைவ் ஒருமுறை படித்ததைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் அதையே நீட்டும் வழக்கம் உண்டு; அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். முடிவில் ஒரு அறிக்கை தரும்: இந்த டிராக் சரி, அந்த டிராக்கில் இந்த நிமிடத்தில் சந்தேகம். விண்டோஸோடு வரும் பிளேயரும் சிடியை எடுத்துத் தரும், ஆனால் எங்கே சந்தேகம் என்று இப்படிச் சொல்லாது. அந்த அறிக்கைக் கோப்பைப் பாட்டுகளோடு அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து ‘இது எப்படி வந்தது’ என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

‘ஆக்யூரேட்ரிப்’ என்ற வசதியும் இவற்றில் உண்டு. உலகில் அதே சிடியை வைத்திருக்கும் மற்றவர்கள் எடுத்த நகலின் சரிபார்ப்பு எண்ணோடு (பாட்டின் எல்லா எண்களிலிருந்தும் கணக்கிட்ட ஒரே அடையாள எண்) உங்கள் எண்ணை ஒப்பிடும். முன்பின் அறியாத மூன்று பேர், மூன்று டிரைவில் எடுத்ததும் உங்களுடையதும் ஒன்றாக இருந்தால் அதற்கு மேல் சான்று வேண்டாம். இதற்காக உங்கள் டிரைவின் ‘ஆஃப்செட்’ சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாடலும் தொடக்கத்தைச் சில அளவுகளோ சில நூறு அளவுகளோ முன்னாலோ பின்னாலோ பிடிக்கும். ஒரு நொடியில் மிகச் சின்னத் துளிதான், காதுக்குத் தெரியாது, ஒப்பிடுவதற்கு மட்டும் தேவை. மென்பொருள் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். தமிழ் சிடிக்களில் பல அந்தப் பட்டியலில் இருக்காது, குறிப்பாக சின்ன நிறுவனங்கள் வெளியிட்ட பக்திப் பாடல்கள். அப்போது ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ என்ற வழியைப் பயன்படுத்துங்கள். இரண்டு முறை எடுத்து இரண்டின் எண்ணும் ஒன்றா என்று பார்க்கும். வேறொரு டிரைவ் கிடைத்தால் அதிலும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. நல்ல நிலையில் உள்ள சிடி சில நிமிடங்களில் முடியும். கீறல் விழுந்தது மணிக்கணக்கில் ஓடலாம், விட்டுவிடுங்கள், அது பாட்டுக்கு ஓடட்டும்.

சிடியைத் துடைக்கும்போது மையத்திலிருந்து வெளிவிளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். குறுக்கே விழுந்த கீறலைத் திருத்தம் எளிதில் தாண்டும். சுருளோடு சேர்ந்து ஓடும் கீறல் அடுத்தடுத்த எண்களை வரிசையாகத் தின்றுவிடும். இன்னொன்று, பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திக் காப்பார்கள். உண்மையில் மேல்பக்கம்தான் பலவீனம். தட்டின் தடிமன் 1.2 மில்லிமீட்டர், எண்கள் இருக்கும் அலுமினியப் பூச்சு படம் அச்சிட்ட பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய பூச்சு ஒன்றின் அடியில் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். மேல்பக்கத்தில் பூச்சு உரிந்தால் அந்த இடத்துப் பாட்டு போய்விட்டது.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். அப்பாவின் சிடிக்கள் எல்லாமே ஒரே வகையாக இருக்காது. முதலில் ‘எம்பி3 சிடி’ என்று 50, 100 பாட்டோடு விற்றவை. அவை ஆடியோ சிடியே அல்ல, கோப்புகள் உள்ள டேட்டா சிடி. அவற்றை ரிப் பண்ண வேண்டாம், சாதாரணமாகக் காப்பி செய்தால் போதும். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. இரண்டாவது வகைதான் ஏமாற்றும். கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் சிடி போட்டுத் தருவார்கள். அது எல்லா பிளேயரிலும் ஓடும் முறையான ஆடியோ சிடி. 1411 கேபிபிஎஸ் வரும், பிழையில்லாமல் ரிப் ஆகும். ஆனால் கடைக்காரர் அதை எழுதியது பெரும்பாலும் தன்னிடம் இருந்த எம்பி3-யிலிருந்து. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு சிடியிலேயே இப்படிக் கண்டுபிடித்தேன்; அச்சிட்ட அட்டை, பெட்டி எல்லாம் இருந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்பெக் அல்லது ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்கள். கீழே தாழ்ந்த ஒலி, மேலே உயர்ந்த ஒலி, எங்கே எவ்வளவு என்று நிறத்தில் காட்டும். சிடியில் 22,050 ஹெர்ட்ஸ்வரை இடம் இருக்கிறது. 128 எம்பி3-யாக ஒருமுறை ஆன பாட்டு 16,000 ஹெர்ட்ஸ் அருகில் கத்தியால் சீவியதுபோல நேர்க்கோட்டில் நிற்கும், அதற்கு மேல் கறுப்பு. அதைப் பார்த்துவிட்டால் எந்தப் பெயரில் இருந்தாலும் அதன் வந்த வழி தெரிந்துவிடும்.

ஆனால் இந்தப் படத்தை அவசரமாகப் படிக்கக் கூடாது. 1950, 60-களின் பாட்டுகளில் உயர்ந்த ஒலி இயல்பாகவே குறைவு. இசைத்தட்டிலும் படச்சுருளிலும் அது ஏறவில்லை. அதற்காக அந்த சிடி போலி ஆகாது. வித்தியாசம் இங்கே: பழைய பதிவில் இசை மெல்ல மங்கி முடியும், அதற்கு மேலும் டேப் இரைச்சல் அல்லது தட்டின் கீறல் ஒலி 20,000 வரை பனிபோலப் படர்ந்திருக்கும். எம்பி3 வழியாக வந்ததில் அந்த இரைச்சலும் சேர்த்து ஒரே கோட்டில் அறுபட்டிருக்கும். எஃப்எம் வானொலியிலிருந்து பதிந்தது 15,000 அருகில் நிற்கும். ஒலிபரப்பின் எல்லை அதுதான். பழைய பாட்டுகளை வெளியிட்டவர்கள் இரைச்சல் நீக்குகிறேன் என்று தாங்களே மேல்பகுதியை வெட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே அறுபட்ட கோட்டைச் சந்தேகமாக எடுத்துக்கொண்டு, ஜால்ரா, கடம் ஒலிக்கும் இடங்களைக் காதால் கேட்டு முடிவு செய்யுங்கள். எம்பி3-யிலிருந்து எழுதிய சிடி என்று தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். அந்தப் பாட்டுக்கு அதுவே கடைசி நகலாக இருக்கலாம். குறிப்பில் ‘மூலம்: எம்பி3’ என்று எழுதி வையுங்கள், போதும்.

24 பிட், 96,000 என்று மாற்றித் தரும் வசதி சில மென்பொருளில் இருக்கும். சிடியிலிருந்து எடுப்பதற்கு அது தேவையில்லை. 16 பிட், 44,100 என்றே விட்டுவிடுங்கள்.

அடுத்தது பெயர் எழுதும் வேலை. சிடியில் பொதுவாகப் பாட்டின் பெயர்கூட இருக்காது. சிடி-டெக்ஸ்ட் என்ற வசதி உண்டு, பலர் பயன்படுத்தவில்லை. கணினியில் போட்டதும் பெயர் வருகிறதே என்றால், மென்பொருள் பாட்டுகளின் நீளத்தை வைத்து இணையத்தில் தேடி எடுத்து வருகிறது. தமிழ் சிடிக்களுக்கு அந்தத் தகவல் பெரும்பாலும் குளறுபடி. இளையராஜா பெயர் ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக்கூட்டலில் வந்து, உங்கள் பிளேயரில் நான்கு இசையமைப்பாளராகப் பிரிந்து நிற்பார். வேறு சிடியின் பெயர்கள் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே பெட்டியில் இருக்கும் அட்டையைப் பார்த்து ஒருமுறை கையால் சரிசெய்வதே நல்லது. ஃப்ளாக்கில் தமிழிலேயே எழுதலாம், யூனிகோட் என்பதால் எழுத்து உடையாது. சினிமாப் பாட்டுக்கு ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் இசையமைப்பாளர், ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் பாடியவர்கள் என்று நான் வைக்கிறேன். ஒரு படத்தின் பாட்டுகள் சிதறாமல் ஒன்றாக நிற்கும். கச்சேரிக்கு ‘கம்போசர்’ இடத்தில் தியாகராஜர், தீட்சிதர் என்று இயற்றியவர். ஃப்ளாக்கில் நாமே புதிய தலைப்பும் சேர்க்கலாம். ராகம், தாளம், வயலின், மிருதங்கம் என்று நான்கு சேர்த்து வைத்தால், ஒருநாள் கல்யாணி மட்டும் கேட்க வேண்டும் என்று தோன்றும்போது தேடினால் கிடைக்கும். அட்டையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் நகல் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருந்தால் நல்லது. ஒவ்வொரு ஃப்ளாக் கோப்பும் தன்னுள் இருக்கும் ஒலியின் சரிபார்ப்பு எண்ணைத் தானே சுமந்துகொண்டிருக்கும். வருடம் ஒருமுறை சோதித்தால் எந்தக் கோப்பாவது கெட்டிருக்கிறதா என்று தெரியும், மற்ற நகலிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். வேவில் இந்த வசதி இல்லை. நான் ஃப்ளாக்கைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிலிருந்து தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் அவசரம். அச்சிட்ட அட்டையோடு கடையில் வாங்கிய சிடிக்களில் எண்கள் பிளாஸ்டிக்கிலேயே பள்ளங்களாக அழுத்தப்பட்டவை. ஒழுங்காக வைத்திருந்தால் இன்னும் பல வருடம் தாங்கும். அப்பாவின் கையெழுத்து இருக்கும் சிடிக்கள் வீட்டில் எழுதிய சிடி-ஆர். அவற்றில் பள்ளம் இல்லை, லேசர் பட்டு நிறம் மாறிய ஒரு சாயம்தான். அந்தச் சாயம் வெளிச்சத்திலும் நம் ஊர் வெயிலிலும் மெல்ல மங்கிக்கொண்டே இருக்கிறது. இன்று படிக்கும் தட்டு அடுத்த கோடையில் படிக்காமல் போகலாம். அவற்றில் சபாக் கச்சேரியோ, வீட்டு விசேஷத்தில் யாரோ பாடியதோ இருந்தால் வேறு எங்கும் அதற்கு நகல் கிடையாது. இந்த வாரம் அவற்றை எடுத்துவிடுங்கள். குறைந்த வேகத்தில் படிக்க வையுங்கள். படிக்க மறுத்தால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள்; ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எடுத்த பிறகும் அந்தத் தட்டுகளை உறையில் போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் அப்படியே வைத்திருங்கள்.